கேளாச் செவி யார் குற்றம்?

ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேளாதிருப்பின், நம் மக்களிடையே முதலில் பழி விழுவது தாயின் மேல்தான். கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்பர் சிலர். முன்வினைப் பயன் என்பர் வேறு சிலர். அத்தாயும் அதை நம்பி, பிள்ளையை மருத்துவரிடம் காட்ட நாணிக் காலத்தைக் கழித்துவிடுகிறாள். இப்பழியின் பொய்மையை அறிய நாம் செவியினுள் சற்றே புகுந்து பார்த்தல் வேண்டும்.

ஒலி செவிப்பறையை அதிரச் செய்வதையும், அவ்வதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துவதையும் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பர். வியப்புக்குரிய வேலை அதற்கப்பால்தான் நடைபெறுகிறது. உட்செவியில் நத்தைக்கூடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. பட்டாணி அளவேயான அக்குழலில் நீர்மம் நிறைந்துள்ளது. சுமார் 15,000 மயிரணுக்கள் அதில் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க நுண்மயிர்கள் உள்ளன. நீர்மம் அலையுறும்போது அவை சாய்கின்றன. சாய்ந்த கணமே நுனியிலுள்ள சிறு வாயில்கள் திறந்து, பொட்டாசியம் உயிரணுவினுள் பாய்கிறது. அதனால் எழும் குறிப்பு நரம்பின் வழியே மூளையை அடைந்து, அம்மாவின் குரலாகவும் பள்ளி மணியோசையாகவும் நமக்குப் புலனாகிறது.

இம்மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கோ முளைக்கின்றன! 1980ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். நம் கொல்லையில் மேயும் கோழிக்குள்ள பேறு நமக்கில்லை. செம்பனை ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் நாள்தோறும் உழைப்போர் காதடைப்பானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருப்பதால் பயனில்லை என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இனிப் பிறவிக் கேளாமைக்கு வருவோம். உள்ளே பாய்ந்த பொட்டாசியம் அங்கேயே தேங்கிவிடலாகாது. தீயணைப்போர் வாளியைக் கைமாற்றுவது போல அண்டை உயிரணுக்கள் அதனை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. அவற்றுக்கிடையேயுள்ள கதவுகளுள் முதன்மையானவை கன்னெக்சின் 26 என்னும் புரதத்தால் ஆனவை. அப்புரதத்தைச் செய்யும் குறிப்பு 13ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவாக எழுதப்பட்டுள்ளது. அதில் நேரும் பிழை பிறவிக் கேளாமைக்குக் காரணமாகும் என்பது 1997ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இவ்வாறு கேளாமையோடு தொடர்புடைய மரபணுக்கள் இன்று நூற்றுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன.

இம்மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஒரு படியில் பிழை இருப்பினும் மற்றது நன்றாயிருந்தால் காது கேட்கும். ஆதலால் நன்கு காது கேட்கும் கணவனும் மனைவியும் தம்மிடம் பிழையுள்ள படி ஒவ்வொன்று மறைந்திருப்பதை அறியாமலே வாழ்வர். அவர்தம் பிள்ளைக்குப் பிழையுள்ள இரண்டு படிகளும் ஒருசேர வந்து வாய்க்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது என்று கணக்கிடுதல் தவறு. ஒவ்வொரு பேற்றிலும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது. இவ்வகைக் கேளாமையில் தாய் தந்த படி மட்டும் பழுதாயிருந்தால் குழந்தைக்குக் காது கேட்டிருக்கும் என்பதைப் பழி சொல்வோர் எண்ணிப் பார்ப்பாராக.

மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பிழை இருவரிடமும் மறைந்திருக்கக்கூடுமாதலால் அத்தகைய மணங்களில் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணந்தோர் அனைவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. எனினும் குடும்பத்தில் முன்பே காது கேளாதோர் இருப்பின் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று. பிறவிக் கேளாமை எல்லாம் மரபுவழி வந்ததும் அன்று. கருவுற்ற காலத்தில் தாயைப் பற்றும் ருபெல்லா நோயும் அதற்குக் காரணமாகலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு.

மரபணுவைத் திருத்த முடியாதா என்று மாணவர் கேட்பர். ஓட்டோஃபெர்லின் என்னும் வேறொரு புரதத்தின் மரபணு பழுதுபட்ட ஆறு குழந்தைகளுக்கு ஷாங்காய் நகரில் நல்ல மரபணுவை உட்செவியில் செலுத்தினர். ஐவருக்குக் கேட்கும் திறன் வந்ததென 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். அம்மருத்துவம் அந்த ஒரு வகைக்கே உரியது. மற்றையோருக்குச் செவிக்கருவியும், உட்செவியில் பொருத்தும் மின்கருவியும், சைகை மொழியும் உள்ளன. மலேசியச் சைகை மொழிக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் தரப்பட்டுள்ளது.

எதுவாயினும் மொழி வளரும் முதல் சில ஆண்டுகளிலேயே தொடங்குதல் வேண்டும். கதவைத் தட்டினால் குழந்தை திரும்புகிறதே என்று பெற்றோர் இருந்துவிடலாகாது. அதிர்வை உணர்ந்தும் அது திரும்பக்கூடும். நலமான மயிரணுக்கள் ஒலியைக் கேட்டதும் தாமும் மிக மெல்லிய எதிரொலி ஒன்றை எழுப்புகின்றன. உறங்கும் பச்சிளங்குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து அதனைப் பதிவு செய்வர். வலி சிறிதும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.