வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம்

அமெரிக்காவில் வீட்டு வாடகையைக் காசோலையாகக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. குழாய் சரிபார்க்க வந்தவருக்கு, தேவாலயக் காணிக்கைக்கு, பேரனின் பிறந்தநாளுக்கு என எல்லாவற்றுக்கும் செக் கிழித்துக் கொடுத்தே வளர்ந்த நாடு அது. 2000ஆம் ஆண்டில் அங்கே எழுதப்பட்ட காசோலைகள் 4,000 கோடிக்கும் மேல். அந்த ஊரில் கண் தெரியாத ஒருவர் தனியாகக் குடித்தனம் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல வேண்டும். அவசரமென்றால் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்ட வேண்டும். எழுதிக் கொடுப்பவர் நாணயமானவர்தான் என்றே இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம், கையில் என்ன மிச்சம் என்பதெல்லாம் அவருக்கும் தெரிந்துவிடுகிறதே!

இதற்கு முதலில் வந்த கருவி மிக எளிமையானது. காசோலை அளவுக்கு வெட்டிய அட்டை அல்லது பிளாஸ்டிக் தகடு; தேதி, பெயர், தொகை, கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள ஓட்டை. தகட்டைத் தாள்மேல் பொருத்தி, விரலால் ஓட்டையைத் தடவி, அதற்குள் பேனாவை ஓட்டலாம். சில வங்கிகள் கோடுகள் புடைத்த காசோலைகளையும் தந்தன. பார்வை போவதற்கு முன்பே எழுதப் படித்தவர்களுக்கு இது போதும். பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிரெயிலில் படித்தவர்களில் பலர் கையெழுத்தை மட்டுமே பழகியிருப்பார்கள். அவர்களுக்குத் தகட்டால் பெரிய பயனில்லை.

கணினி வந்ததும் வழி திறந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1858இல் தொடங்கப்பட்ட, பார்வையற்றோருக்கான அமெரிக்க அச்சகம் ‘மணி டாக்ஸ்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. காசோலை அச்சடிப்பது, வரவு செலவு எழுதுவது இரண்டும் அதன் வேலை. சாதாரணக் கணக்கு மென்பொருள்களே கடையில் கிடைக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

காரணம், கண்ணுக்காக வரைந்த திரை. பார்வையற்றவர் கணினியை இயக்குவது ஸ்கிரீன் ரீடர் என்ற திரைவாசிப்பான் துணையால். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ், ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கி இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. இரண்டும் பேர்பெற்றவை. திரையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ‘என் பெயர் தொகை, நான் எழுதுமிடம், என்னுள் இருப்பது 125.40’ என்று உள்ளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் அதை வாங்கிக் குரலாக்கும். அழகுக்காகக் கட்டங்களைப் படம்போல வரைந்துவிட்ட மென்பொருள் எதையும் சொல்லாது. எத்தனை தரம் டேப் விசையை அழுத்தினாலும் காதில் மௌனம்தான்.

பேசினாலும் வம்பு உண்டு. கணக்கில் பற்றாக்குறை வந்தால் பல மென்பொருள்கள் எண்ணைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பு காதில் விழாது. கழித்தல் குறி இருந்தாலும், நிறுத்தற்குறிகளைக் குறைத்து வாசிக்கும்படி அமைத்திருந்தால் அதுவும் விழுங்கப்படலாம். இருநூறு டாலர் கடன், இருநூறு டாலர் இருப்பாகக் கேட்கும்; அதை நம்பி எழுதிய செக் வங்கியிலிருந்து திரும்பும், அபராதமும் சேரும். ‘குறைவு’ என்று வாய்விட்டுச் சொல்லாத கணக்கு மென்பொருளைக் காதால் வேலை செய்பவருக்கு ஏற்றது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படிப்பட்ட மென்பொருளில் ஒரு காசோலை எழுதுவதைப் பார்ப்போம். பெறுபவர் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பழைய பட்டியலிலிருந்து முழுப்பெயர் வரும். தொகையை எண்ணில் கொடுத்தால் போதும், எழுத்தால் எழுத வேண்டியதை மென்பொருளே எழுதிக்கொள்ளும். இது சின்ன விஷயமில்லை. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்பது அமெரிக்க வணிகச் சட்டம். இங்கே இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதால் முரண்பாடு எழாது. ஆனால் புள்ளியைத் தவறாகத் தட்டி 125.40 என்பது 1254 ஆகிவிட்டால் தவறும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல நிற்கும். அதனால்தான் அச்சுக்கு அனுப்பும் முன் ‘நூற்று இருபத்தைந்து டாலர் நாற்பது சென்ட்’ என்று ஒருமுறை முழுதாக வாசிக்கக் கேட்கிறார்கள்.

அடுத்தது அச்சு இயந்திரம். தாள் எந்தப் பக்கம் மேலே, எந்த முனை முதலில் என்பதில் குழம்பினால் பெயர் தலைகீழாகவோ பின்பக்கத்திலோ விழும். கிழிப்பதற்காகத் துளையிட்ட ஓரத்தைத் தடவி அடையாளம் கண்டுகொள்ளலாம். மூலையைக் கொஞ்சம் கத்தரித்தும் வைக்கலாம். மை தீர்ந்துவிட்டால்? இயந்திரம் வழக்கம்போலச் சத்தமிட்டு வெற்றுத்தாளைத் தள்ளும். அதைக் கண்டுபிடிக்க முன்பு ஸ்கேனர் வேண்டியிருந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘சீயிங் ஏஐ’ போன்ற செயலிகள் வந்தபின் கைபேசிக் கேமராவைக் காட்டினாலே தாளில் உள்ளதைப் படித்துவிடுகின்றன. கையெழுத்து மட்டும் மனிதர் வேலை; அதற்கு ஓட்டையிட்ட சின்னத் தகடு ஒன்று போதும்.

வெற்றுக் காசோலைத் தாளைக் கடையில் வாங்கி, கணக்கு எண்ணோடு வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவுக்கு உரியது. நம் ஊரில் வங்கி தரும் தாளில்தான் நிரப்ப முடியும். பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் பாகுபாடு காட்டி மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் சுற்றறிக்கை அனுப்பியது. கைநாட்டு, சாட்சி என்று அதன் பிறகும் அலையவிட்ட கிளைகள் இல்லாமலில்லை.

அமெரிக்காவிலும் காசோலை வேகமாகக் குறைந்துவருகிறது. 2021இல் ஏறக்குறைய 1,100 கோடிக்கு இறங்கிவிட்டது. அச்சடிக்கும் வேலை நாளைக்கு இல்லாமலே போகலாம். ஆனால் அந்த மென்பொருளின் மறுபாதியான கணக்கேடு அவ்வளவு சுலபமாகப் போகாது. மாதக்கடைசியில் வங்கி அனுப்பும் பட்டியலையும் தன் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்: வந்து சேர்ந்தது எது, இன்னும் பணமாக்கப்படாதது எது, இருமுறை பிடித்தம் செய்தது எது. இதைக் காதால் செய்ய, தேதி, பெயர், தொகை, மிச்சம் என்ற வரிசை மாறாமல் ஒவ்வொரு வரியும் ஒலிக்க வேண்டும். காகிதம் போய் வங்கியின் இணையப்பக்கம் வந்தபிறகும், பணம் வந்ததா போனதா என்பதைப் பச்சை, சிவப்பு அம்புக்குறியில் மட்டும் காட்டிவிட்டு நிற்கும் பக்கங்கள் இருக்கின்றன.