வானொலிப் பந்தய லொறியை வாங்குதலும் பேணுதலும்

1898 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் நிக்கொலா தெஸ்லா என்னும் அறிஞர், கம்பித் தொடர்பு யாதுமின்றிச் சிறு படகொன்றை நீரில் இயக்கிக் காட்டினார். அன்று பேரறிஞர் ஒருவரின் கைவண்ணமாக இருந்தது இன்று பள்ளிச் சிறுவனின் கைக்கும் எட்டியிருக்கின்றது. 1976 இல் யப்பானியத் தமியா நிறுவனம் போர்ஷே 934 என்னும் காரின் சிற்றுருவை வெளியிட்ட பின்னர், மின்னாலோடும் வானொலி வண்டிகள் பல நாடுகளிலும் பரவலாயின. பந்தய லொறி அவற்றுள் ஒரு வகை. மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்ணியாப் பாலைநிலத்தில் 1967 இல் தொடங்கிய நெடும் பந்தயத்திலே புழுதி கிளப்பி ஓடும் லொறிகளின் சாயலில், பத்திலொரு பங்கு அளவினதாக, அமெரிக்காவின் டிராக்சாஸ் நிறுவனம் 2008 இல் ‘ஸ்லாஷ்’ என்னும் வண்டியை வெளியிட்டது. பழைய பொருட் சந்தையில் மிகுதியாகக் காணப்படுவது அதுவே ஆதலின் அதனையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நிற்க. புது வண்டியின் விலை மாணவர் பலருக்கு எட்டாதது. அவர் பிறர் ஓட்டிய வண்டியை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை. இவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் கழற்றி மாற்றத்தக்கதாக அமைந்திருத்தலின், ஆராய்ந்து வாங்கிய பழைய வண்டி புதியதற்கு ஈடாக ஓடும். ஆனால் விற்பவர் முதலிற் காட்டுவது வர்ணம் பூசிய மேற்கூடு. ஒளி ஊடுருவும் பொலிகாபனேற்றுத் தகட்டில், உட்புறமாக வர்ணம் தீட்டி அமைப்பது அது. அதிலே வெடிப்பிருந்தாலும் ஓட்டம் கெடாது. பளபளப்பிருந்தாலும் ஓட்டம் சிறக்காது. கூட்டைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டு, வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தலே வாங்குபவர் செய்ய வேண்டிய முதற் காரியம்.

அடித்தட்டிலும் புயங்களிலும் வெடிப்பு உண்டோ எனக் காண்க. ஒவ்வொரு சில்லையும் பற்றி மெல்ல அசைத்தால், குண்டுப் போதிகை, அஃதாவது நம்மவர் பெயரிங் என்று வழங்குவது, தேய்ந்துள்ளதோ என்பது கைக்கே தெரியும். பின்சில்லுகளுள் ஒன்றைக் கையாற் சுழற்றினால் மற்றையது தடையின்றி எதிர்த்திசையிற் சுழல வேண்டும். கரகரத்தால் வேறுபாட்டுப் பற்சில்லுகள் பழுதுற்றன என்பது பொருள். அதிர்ச்சித் தாங்கிகளின் வெளிப்புறம் எண்ணெய் படிந்து புழுதி ஒட்டியிருப்பின், உள்ளே சிலிக்கோன் எண்ணெய் குறைந்திருக்கும். இவை யாவும் சிறு செலவிற் திருத்தக் கூடியவை. விலையைக் குறைத்துக் கேட்பதற்கும் உதவுபவை.

மோட்டாரின் செய்தி சற்று வேறானது. நம் பௌதிக வகுப்பிற் கற்ற பாடமொன்று இங்கே வந்து நிற்கின்றது. மோட்டார் சுழலும்போது அதனுள்ளே எதிர் மின்னியக்க விசை தோன்றி, பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகின்றது. சில்லுகள் நீண்ட புல்லிற் சிக்கி நின்றபின்னும் ஓட்டுபவர் விசையை விடாது அழுத்தினால், எதிர் விசை இல்லாதொழிய மின்னோட்டம் உச்சத்தை எய்தும். அவ்வளவும் வெப்பமாக மாறிச் சுருள்களின் காப்புப் பூச்சைக் கருக்கிவிடும். ஆகவே மோட்டாரை மோந்து பார்த்தல் நகைப்புக்குரிய செயலன்று. கருகிய மணம் பொய் சொல்வதில்லை. கரித்தூரிகைகள் தேய்ந்திருப்பினும் வேகம் குன்றும். முன்னர் வைத்திருந்தவர் வேகத்தை விரும்பி, மோட்டாரச்சிற் பெரிய பற்சில்லைப் பூட்டியிருத்தலும் உண்டு. அதன் பற்களை எண்ணி, வண்டியுடன் வரும் கைந்நூலோடு ஒப்பிட்டு அறிக. அளவுக்கு மிஞ்சின் மோட்டார் எந்நேரமும் பாரமேற்றிய மாடுபோல் உழைத்துச் சூடேறும்.

பழைய 27 மெகாஹேர்ட்ஸ் வண்டிகளில் அலைபரப்பியிலும் வாங்கியிலும் உள்ள பளிங்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். இக்காலத்து 2.4 கிகாஹேர்ட்ஸ் வகையிலோ அலைபரப்பியும் வாங்கியும் ஒன்றையொன்று அறிந்து பிணைந்தவை. வேறு நிறுவனத்து அலைபரப்பி பொதுவாகப் பயன்படாது. ஆதலால் இரண்டையும் சேர்த்தே வாங்குக.

யாவற்றினும் கவனிக்க வேண்டியது மின்கல அடுக்கு. பழைய வண்டியுடன் தரப்படும் மின்கலத்துக்கு விலையே இல்லை என எண்ணிப் பேரம் பேசுதல் நன்று. நிக்கல்-உலோக ஐதரைட்டு வகை பழுதுற்றால் ஓடும் நேரம் குறையும்; அவ்வளவே. இலிதியம்-பொலிமர் வகை பழுதுற்றால் வீட்டுக்கே தீங்கு நேரலாம். அதன் உறை சிறிதேனும் உப்பியிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் ஏற்றல் ஆகாது. ஒவ்வொரு கலமும் நிறைவுற்றபோது 4.2 வோல்ற்று, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாற் கெடும். எக்ஸ்.எல். 5 என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலே தாழ்ந்த அழுத்தம் கண்டு மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதனை வேண்டியவாறு இயக்கவோ நிறுத்தவோ இயலும். விளக்குப் பச்சையாக எரியின் ஏற்பாடு இயங்குகின்றது, சிவப்பாயின் நிறுத்தப்பட்டுள்ளது. முன்னவர் நிக்கல் மின்கலத்துக்காகச் சிவப்பில் வைத்திருக்க, வாங்கியவர் அதை நோக்காது இலிதியத்தைப் பூட்டினால், புது மின்கலம் முதல் நாளே பாழாகக் கூடும். இலிதியத்துக்கென அமைந்த, கலங்களைச் சமப்படுத்தும் மின்னேற்றியாலே, எரியாத தரையின்மீது, கண்பார்வையில் வைத்தே மின்னேற்றுக. இரவில் ஏற்றிவிட்டு உறங்குதல் எக்காரணத்தாலும் கூடாது. சில நாட்கள் ஓட்டாவிடின் கலமொன்றுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ற்றில் வைத்தல் வேண்டும்.

இனி, பேணுதல். வண்டியை இயக்கும்போது அலைபரப்பியை முன்னும் வண்டியைப் பின்னும் இயக்குக. நிறுத்தும்போது வண்டியை முன்னே நிறுத்துக. கட்டளையின்றி வண்டி தானே பாய்ந்தோடுவதைத் தவிர்ப்பதற்கே இம்முறை. மோட்டாரைக் கழற்றிப் பூட்டும்போது இரு பற்சில்லுகளுக்கும் இடையே மெல்லிய கடதாசித் துண்டொன்றை வைத்து நெருக்கி, பின் அதனை உருவினால் வேண்டிய இடைவெளி அமையும். நெருக்கம் மிகுந்தால் மோட்டார் திணறும். தளர்ந்தால் பிளாஸ்திக்குப் பற்கள் உதிரும். ஓட்டம் முடிந்ததும் உலர்ந்த தூரிகையாற் புழுதியைத் தட்டுக. மின்கருவிகள் நீர் புகாதவை என நிறுவனம் சொல்வது மெய்யே. ஆயினும் போதிகைகளுக்கும் உருக்குத் திருகாணிகளுக்கும் அச்சலுகை இல்லை. நனைந்தால் அன்றே உலர்த்தி, போதிகைக்கு ஒரு துளி எண்ணெய் இடுக. கடற்கரை மணலில் ஓட்டலாகாது. உப்புக் கலந்த ஈரம் உருக்கை விரைந்து தின்றுவிடும்.

ஓட்டாத நாட்களில் வண்டியைச் சில்லுகளின்மேல் நிறுத்தாது, அடித்தட்டின்கீழ் மரக்கட்டையொன்றை வைத்துச் சில்லுகள் நிலந்தொடாதபடி தூக்கி வைக்குக. றப்பருக்குள் அடைத்த பஞ்சு ஒருபுறம் அமுங்கிச் சில்லு கோணலாவதும், விற்சுருள்கள் தளர்வதும் அதனால் நீங்கும்.