ஆறிய தேநீரும் உறைந்த தயிரும்

நுவரெலியா கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கும் அற்றன் முதலாய தேயிலைத் தோட்டங்களிலும் நிலவும் குளிர், இல்லந்தோறும் இரு விந்தைகளைக் காட்டுகின்றது. செறிவாக வடித்த வெறுந்தேநீர் ஆறியதும் கலங்குகின்றது. உறைமோர் விட்ட பாலோ விடிந்தும் உறையாது நிற்கின்றது. ஒரே குளிர் ஒன்றைப் பிரித்தற்கும் மற்றொன்றைத் தடுத்தற்கும் காரணம் யாது?

தேநீரின் செந்நிறத்துக்குக் காரணமான தியபிளேவின், தியரூபிகின் என்னும் பல்பீனோல்களும் கபேயினும் வெந்நீரில் நன்கு கரைந்து நிற்பன. வெப்பம் குறையுந்தோறும் மூலக்கூறுகளின் அலைவு தளர்ந்து, அவற்றிடையேயுள்ள கவர்ச்சி மேலோங்குகின்றது. அப்போது அவை ஒன்றுகூடி நுண்ணிய திரள்களாகப் பிரிகின்றன. ஒரு கரைசல் இவ்வாறு செறிந்த பகுதி, ஐதான பகுதி என இரண்டாதலை அவத்தைப் பிரிவு என்பர். மீளச் சூடாக்கினால் கலக்கம் பெரிதும் மறையும். தேநீரைச் சுவைத்துத் தரங்காண்போர் இதனைப் பாலேட்டுக்கு ஒப்பிடுவர். அஸ்ஸாம் தேநீர் இதற்குப் பெயர்பெற்றது.

புரதக் கரைசலிலும் இந்நிகழ்ச்சி உண்டு. இளங்கன்றின் கண்வில்லையைக் குளிர்வித்தால் அதிலுள்ள புரதம் பிரிந்து, வில்லை வெண்மையாகும். வெம்மையூட்டின் மீண்டும் தெளியும்.

தயிரின் இயல்பு வேறு. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்கு முதல் இரு பங்கு வரை விட்டமுடைய துணிக்கைகளாக மிதக்கின்றது. அவை மறையேற்றமுடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளும். உறைமோரிலுள்ள பற்றீரியங்கள் பாலின் வெல்லத்தை இலற்றிக்கமிலமாக்க, பாலின் பீ.எச். பெறுமானம் 6.7 அளவிலிருந்து 4.6 ஐ நோக்கி இறங்குகின்றது. ஏற்றம் அழியவே துணிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, நீரைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. இதுவே ஜெல் எனப்படும் களிநிலை. குளிரில் பற்றீரியங்கள் மந்தமுறுதலின் அமிலம் பெருகுவதில்லை. சட்டியை அடுப்பருகே வைப்பின் பால் உறையும்.

இரண்டிலும் துணிக்கைகளின் கவர்ச்சியே முதற்காரணம். எனினும், தேநீரில் பிரிந்தவை தனித்தனியே மிதக்கின்றன. தயிரிலோ அவை வலையாகப் பிணைந்து, முற்றாகப் பிரிதற்கு முன்னரே தடைப்பட்டு நிற்கின்றன. தயிரை வெட்டின் அதனுள் அடங்கிய நீர் கசிவதும், சூடாக்கினும் அது பாலாக மீளாமையும் இதனாலேயாம்.

தேநீரிற் பால் சேர்க்குங்கால் இவ்விரு பொருள்களும் சந்திக்கின்றன. கேசீன் பல்பீனோல்களைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்புக் குறைகின்றது. வெறுந்தேநீரைப் பருகும்போது அப்பல்பீனோல்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றித் திரட்டுகின்றன. துவர்ப்பென நாம் உணர்வது பெரிதும் இதன் விளைவே.

ஆகவே, ஆறும்போது கலங்கிய தேநீரைக் கெட்டதெனக் கொட்டிவிடுதல் வேண்டா. அக்கலக்கம் சாற்றின் செறிவுக்குச் சான்று. தோற்றத்தைக் கண்டு துணியாது, காரணத்தை ஆராய்ந்து துணிதலே அறிவியல் கற்பிக்கும் நெறியாகும்.