நாடக டிக்கெட் விலை 500 ரூபாயில் நிற்பது ஏன்? அரங்க நிகழ்ச்சிகளுக்கான வரி குறித்த விளக்கம்

மும்பை: வார இறுதி மாலையில் நாடகமோ இசை நிகழ்ச்சியோ காணத் திட்டமிட்டு, முன்பதிவுச் செயலிகளில் தேடுவோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். சிறிய அரங்குகளில் நடைபெறும் பல நிகழ்ச்சிகளின் டிக்கெட் விலை 499 அல்லது 500 ரூபாயுடன் நின்றுவிடுகிறது. 520 அல்லது 550 ரூபாய் டிக்கெட்டுகளைக் காண்பது அரிது. இதற்குக் காரணம் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) விதிகளில் உள்ள ஒரு வரம்பாகும்.

நபர் ஒருவருக்கான அனுமதிக் கட்டணம் 500 ரூபாய்க்கு மிகாமல் இருந்தால் நாடகம், நடனம், பாலே, சர்க்கஸ், இசை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது இந்த வரம்பு 250 ரூபாயாக இருந்தது. 2018 ஜனவரி 25 முதல் அது இருமடங்காக உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் அதே அளவிலேயே நீடிக்கிறது.

வரம்பைத் தாண்டினால், கூடுதலான தொகைக்கு மட்டுமின்றி டிக்கெட்டின் முழு விலைக்கும் 18 சதவீத வரி விதிக்கப்படும். 500 ரூபாய் டிக்கெட்டுக்கு ரசிகர் செலுத்துவது 500 ரூபாய்தான். அதே டிக்கெட்டின் விலை 501 ரூபாயாக இருந்தால், வரி 90 ரூபாய் 18 காசு சேர்ந்து மொத்தம் 591 ரூபாய் 18 காசு ஆகிவிடும். ஒரு ரூபாய் விலையேற்றம் ரசிகருக்கு 91 ரூபாய்ச் சுமையாக மாறுகிறது; நாடகக் குழுவுக்குக் கிடைப்பதோ அந்த ஒரு ரூபாய் மட்டுமே. ஆகவே, அமைப்பாளர்கள் 500 ரூபாயில் நிறுத்திக்கொள்கின்றனர். அல்லது 700, 800 ரூபாய் என ஒரேயடியாகத் தாண்டிச் செல்கின்றனர்.

திரைப்படத்துடன் ஒப்பிட்டால் இச்சலுகையின் அளவு தெளிவாகும். 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரையிலான திரையரங்க டிக்கெட்டுகளுக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. 300 ரூபாய் திரைப்பட டிக்கெட்டுக்கு 54 ரூபாய் வரி உண்டு. 300 ரூபாய் நாடக டிக்கெட்டுக்கு வரியே இல்லை.

விலக்குப் பட்டியலில் பாலே பெயர் குறிப்பிட்டே இடம்பெற்றுள்ளது. ஆனால், நகரங்களில் இன்று பெருகிவரும் தனிநபர் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குத் தனிப் பெயர் அதில் இல்லை. எனவே நகைச்சுவை மாலைக்குச் செல்வோர், பணம் செலுத்துவதற்கு முன் கட்டண விவரத்தில் வரி என்ற வரியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ரசிகருக்கு வரி இல்லை என்பதால் நாடகக் குழுவுக்கும் சுமை இல்லை என்று கொள்ள இயலாது. அரங்க வாடகை, ஒளி, ஒலி சாதன வாடகை ஆகியவற்றுக்கு அக்குழு ஜிஎஸ்டி செலுத்த நேரிடும். டிக்கெட் விற்பனை வரிவிலக்கு பெற்றது என்பதால், செலுத்திய அந்த வரியை உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்பப் பெற முடியாது. அது செலவுக் கணக்கிலேயே தங்கிவிடும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு குழுக்கள் பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு பெறத் தேவையில்லை என்றாலும், அரங்கும் சாதன நிறுவனங்களும் விதிக்கும் வரியிலிருந்து அவையும் தப்புவதில்லை.

மும்பை ஜூஹு பகுதியில் நடிகர் சசி கபூரும் அவரது மனைவி ஜெனிபர் கெண்டலும் 1978-இல் தொடங்கிய பிருத்வி தியேட்டரில் இருக்கைகள் ஏறத்தாழ 200 மட்டுமே. அந்த அளவிலான ஓர் அரங்கு முழுமையாக நிரம்பி, அனைவரும் 500 ரூபாய் செலுத்தினாலும் ஒரு காட்சியின் வசூல் 1 லட்சம் ரூபாய்தான். நடிகர் ஊதியம், ஒத்திகை இடம், அரங்கப் பொருள்கள், பயணம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் இச்செலவுகள் உயர்ந்துள்ள நிலையில் 500 ரூபாய் வரம்பு மட்டும் அசையாதிருப்பது, பெரிய அரங்குகளைக் காட்டிலும் இத்தகைய சிறிய அரங்குகளையே அதிகம் நெருக்குகிறது.

பெரிய அரங்குகளின் கணக்கு வேறு. நரிமன் முனையில் உள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்தின் டாட்டா தியேட்டரில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் அமரலாம். 2023-இல் பாந்திரா குர்லா வளாகத்தில் திறக்கப்பட்ட நீத்தா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் பேரரங்கில் சுமார் 2,000 இருக்கைகள் உள்ளன. வெளிநாட்டு இசை நாடகங்களுக்கு அங்கு டிக்கெட் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படுவதால், 500 ரூபாய் வரம்பு பொருட்டல்ல. மேலும், வரி வசூலிக்கும் நிகழ்ச்சி என்பதால் அமைப்பாளர்கள் உள்ளீட்டு வரிக் கடனையும் பெறலாம்.

ரசிகர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, இணையவழி முன்பதிவுக் கட்டணம். இது டிக்கெட் விலையில் சேராத தனிச் சேவை. டிக்கெட்டுக்கு வரிவிலக்கு இருந்தாலும், இந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டு. அரங்க வாயிலில் விற்பனை முகப்பு இருந்தால், அங்கு நேரில் வாங்கி இச்செலவைத் தவிர்க்கலாம். குடும்பமாகச் செல்வோருக்கும் கவலையில்லை: வரம்பு நபர் ஒருவருக்கானது, நான்கு பேருக்குச் சேர்த்து 2,000 ரூபாய் செலுத்தினாலும் விலக்கு பொருந்தும்.

கடைசி நேரத்தில் முகப்பில் வாங்க எண்ணுவோர் சற்று முன்னதாகவே செல்ல வேண்டும். பிருத்வியில் நாடகம் தொடங்கிய பின் வருவோர், டிக்கெட் வைத்திருந்தாலும், உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை.