காது போகட்டும், முகத்தை விட்டுவிடு!

தலைக்குள் எலுமிச்சம்பழ அளவு கட்டி: கனவில் கண்ட ஹாலிவுட் நடிகர்

கோபம் வந்தால் சட்டை கிழியும். உடம்பு பச்சையாகும். ராட்சதனாக மாறி லாரியைத் தூக்கி வீசுவான். "ஹல்க்" என்ற அந்த வேடத்தைத் தெரியாத பள்ளிக்கூடப் பையன்கள் குறைவு. அதில் நடிப்பவர் ஹாலிவுட் நடிகர் மார்க் ரபலோ.

அந்த பலசாலிக்கு இடது காது கேட்காது. கொஞ்சம் நஞ்சம் அல்ல, சுத்தமாகக் கேட்காது!

அதற்குக் காரணம் ஒரு கட்டி. 2001-ம் ஆண்டு நடந்த சம்பவம் அது.

கனவு

அப்போது ரபலோவுக்கு 33 வயது. பல வருஷம் சின்னச் சின்ன வேலை பார்த்து, அப்போதுதான் பெயர் வரத் தொடங்கிய நேரம். மனைவி நிறைமாத கர்ப்பிணி.

ஒருநாள் இரவு கனவு வந்தது. தலைக்குள் கட்டி இருப்பதாகக் கனவு. திடுக்கிட்டு எழுந்தார்.

கனவை யாரும் டாக்டரிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள். இவர் சொன்னார். காதில் லேசான தொந்தரவு தவிர வேறு கோளாறு இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்குப் பின்னால் கோல்ப் பந்து அளவுக்குக் கட்டி!

மனைவியிடம் மூச்சு விடவில்லை. பிரசவம் முடிந்து, ஆண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆனபிறகுதான் சொன்னார்.

டாக்டர்கள் ஒளிக்காமல் கணக்குச் சொல்லிவிட்டார்கள். காது போக 70 சதவீதம் வாய்ப்பு. இடதுபக்க முகம் செயல் இழக்க 20 சதவீதம் வாய்ப்பு. நடிகனுக்கு முகம் போனால் என்ன மிஞ்சும்? "காது போனால் போகட்டும், முகத்தை விட்டுவிடு, பிள்ளைக்குத் தகப்பனாக இருக்க விடு" என்று வேண்டிக்கொண்டதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லி இருக்கிறார்.

சாதுதான், ஆனால்...

இது புற்றுநோய் அல்ல. உடம்பின் வேறு இடத்துக்குப் பரவாது. டாக்டர்கள் இதை சாதுவான கட்டி என்பார்கள். சாது மிரண்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

காதில் இருந்து மூளைக்குப் போகும் நரம்பில், உடம்பை நிலையாக நிறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அதன் உறையில்தான் கட்டி முளைக்கிறது. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு மில்லி மீட்டர்தான் வளரும். லட்சம் பேரில் ஒருவருக்கு, இருவருக்குத்தான் ஒரு வருஷத்தில் இது கண்டுபிடிக்கப்படுகிறது.

வளரும் இடம்தான் வினை. ஒட்டினாற்போல முகத்தை அசைக்கும் நரம்பு. சற்று மேலே முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு. கீழே விழுங்குவதற்கான நரம்புகள். உள்ளே தள்ளினால் மூச்சையும் இதயத்தையும் நடத்தும் மூளைத்தண்டு. கட்டி 3, 4 சென்டி மீட்டர் ஆகிவிட்டால் அது மூளைத்தண்டை நெருக்கத் தொடங்கும். மூளை நீர் போகும் வழி அடைபடும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், தள்ளாட்டம் எல்லாம் வரிசையாக வரும். குடித்துவிட்டு வருகிறான் என்று தெருவில் பேசுவார்கள்.

டெலிபோன் காட்டிக்கொடுக்கும்

இவ்வளவு பெரிதாகும்வரை ஆசாமி என்ன செய்து கொண்டிருந்தார் என்று கேட்கலாம். ஒரு காது மந்தமானால் இன்னொரு காது சமாளித்துவிடும். அதனால் தெரிவதில்லை. வழக்கமாக இடது காதில் போனை வைப்பவர் வலது காதுக்கு மாற்றுவார். பஸ்சில் பக்கத்து சீட்காரர் பேசுவது புரியாது. கடையில் வாடிக்கையாளர் கேட்டதை "என்ன, என்ன?" என்று திரும்பக் கேட்பார். காதுக்குள் ஓயாமல் "ஙொய்" என்று ஓர் இரைச்சல். அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விடுவதோடு சரி. இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிவிடும்.

இரண்டு காதும் சேர்ந்து மந்தமானால் பெரும்பாலும் வயது, சத்தம் என்று வேறு காரணம் இருக்கும். ஒரு காது மட்டும் மந்தமானால்தான் டாக்டர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதித் தருகிறார்கள். சில மில்லி மீட்டர் கட்டிகூட அதில் தெரிந்துவிடும். சிறியதாக இருந்தால் கத்தியே தேவைப்படாமல் போகலாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அல்லது கதிர்வீச்சால் வளராமல் நிறுத்தலாம். பெரிய கட்டிக்கு அது ஆகாது. மண்டையைத் திறந்துதான் ஆகவேண்டும்.

விரலால் தோண்டிய காலம்

1895-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டாக்டர் தாமஸ் அன்னன்டேல் இந்தக் கட்டியை எடுத்தார். நோயாளி ஓர் இளம் கர்ப்பிணி. பிழைத்தார், பிள்ளையும் பெற்றார். அது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அதன்பிறகு வந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மைக்ராஸ்கோப் கிடையாது, ரத்தத்தை நிறுத்த நல்ல வழி கிடையாது. விரலை உள்ளே விட்டுக் கட்டியைத் தோண்டி எடுத்தார்கள்! பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் செத்தார்கள்.

இதை மாற்றியவர் அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங். கட்டியின் உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுத்து, ஓட்டை அப்படியே விட்டுவிடுவார். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மிச்சம் வைத்த ஓடு மறுபடி வளரும்.

குஷிங்கிடம் வேலை கற்றவர் வால்டர் டாண்டி. ஓட்டையும் சேர்த்து முழுசாக எடுத்துக் காட்டி 1922-ல் எழுதினார். குஷிங்குக்குக் கடும் கோபம். குருவும் சிஷ்யனும் கடைசிவரை எலியும் பூனையும்தான்! டாண்டி முறையில் கட்டி போயிற்று. ஆனால் முகமும் கூடவே போயிற்று. பாதி முகம் தொங்கிப்போனவர்கள் "உயிர் பிழைத்தோமே" என்று வீட்டுக்குப் போனார்கள்.

பல் டாக்டரின் பேரம்

1960-களில் லாஸ் ஏஞ்சல்சில் வில்லியம் ஹவுஸ் வந்தார். முதலில் பல் மருத்துவம் படித்து, பிறகு காது டாக்டர் ஆனவர். பல் டாக்டரின் துளைக்கருவியும் மைக்ராஸ்கோப்பும் அவர் கைக்கு வந்தன. மூளை டாக்டர் வில்லியம் ஹிட்செல்பெர்கரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, காது எலும்பைக் குடைந்தே கட்டிக்குப் பாதை போட்டார். அந்த வழியில் போனால் அந்தக் காது நிச்சயம் போய்விடும். ஆனால் முகநரம்பை முன்கூட்டியே கண்டுபிடித்துக் காப்பாற்றப் பார்க்கலாம். காதைக் கொடுத்து முகத்தை வாங்கும் பேரம்! பெரிய கட்டி வந்தவருக்கு அந்தக் காது ஏற்கெனவே பாதி போயிருக்கும் என்பதால் பேரம் லாபம்தான். காது டாக்டருக்கு மண்டைக்குள் என்ன வேலை என்று மூளை டாக்டர்கள் பலர் சண்டைக்கு வந்தார்கள். ஹவுஸ் விடவில்லை.

நம் பக்கத்தில் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் தொடங்கினார். அந்த நாளில் சி.டி. ஸ்கேனும் கிடையாது, எம்.ஆர்.ஐ.யும் கிடையாது. கட்டி முற்றிப்போய் கண் மங்கியபிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களே அதிகம்.

இளநீர் வழுக்கை

இப்போது எப்படி எடுக்கிறார்கள்?

காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு ஜன்னல் திறக்கிறார்கள். மூளை நீரைக் கொஞ்சம் வடிய விட்டதும் சிறுமூளை தானாகத் தளர்ந்து ஒதுங்கும். கட்டியின் தோலைக் கீறி, உள்ளே இருப்பதை ஒலி அதிர்வுக் கருவியால் பொடியாக்கி உறிஞ்சுகிறார்கள். இளநீரில் வழுக்கையை வழிக்கிற மாதிரிதான். உள்ளே காலியானதும் ஓடு சுருங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூளைத்தண்டில் இருந்து உரிக்க வேண்டும்.

கஷ்டம் இனிமேல்தான். பெரிய கட்டியின் மேல் முகநரம்பு நரம்பாகவே இருக்காது. நசுங்கி, விரிந்து, வெங்காயச் சருகு போலக் கட்டியோடு ஒட்டிக்கிடக்கும். எது நரம்பு, எது கட்டி என்று மைக்ராஸ்கோப்பிலும் மயங்கும். அதற்காக நோயாளியின் கன்னத்திலும் கண் ஓரத்திலும் மெல்லிய ஊசிகள் குத்தி இருப்பார்கள். கருவி நரம்பைத் தொட்டால் ஸ்பீக்கர் அலறும். டாக்டர் கையை எடுத்துவிடுவார். ஏழெட்டு மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடும். அதற்கு மேலும் ஆவது உண்டு.

நரம்பைப் பிய்க்காமல் வராது என்றால், இன்று பல டாக்டர்கள் ஒரு மெல்லிய துண்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஸ்கேனில் கண்காணிப்பு, வளர்ந்தால் கதிர்வீச்சு. குஷிங் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததில் பாதி திரும்பி வந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

இமை மூடாது

முகநரம்பு அடிபட்டால் சிரிப்பு கோணுவது மட்டும் அல்ல. தண்ணீர் குடித்தால் வாய் ஓரம் வழியும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் இமை மூடாது. தூங்கும்போதும் திறந்தே கிடக்கும். கருவிழி காய்ந்து புண்ணாகும். சொட்டு மருந்து, களிம்பு, ராத்திரியில் டேப் ஒட்டுவது என்று காவல் காக்க வேண்டும். சிலருக்கு இமையைப் பாதி தைத்தே வைக்கிறார்கள். நரம்பு அறுந்துபோனவர்களுக்கு நாக்கின் நரம்பை எடுத்து முகநரம்போடு இணைப்பதும் உண்டு. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர்தான் வளரும். கன்னம் அசைய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ரபலோவும் காத்திருந்தார். கண் விழித்தபோது இடது காது போயிருந்தது. இடதுபக்க முகமும் செயல் இழந்து கிடந்தது. கண்ணை மூட முடியவில்லை. "சைன்ஸ்" என்ற பெரிய படத்தில் கிடைத்திருந்த வேடம் வாக்கின் பீனிக்சுக்குப் போயிற்று. வீட்டை விட்டு வெளியே வராததால் ஊரில் விதவிதமான வதந்தி.

பல மாதங்கள் கழித்து முகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2004-ல் அவர் நடித்த படங்கள் வரிசையாக வெளிவந்தன. 2012-ல் ஹல்க் வேடம்.

காது மட்டும் வரவில்லை.