சட்ராஸ் கோட்டைக்குக் கீழே என்ன இருக்கு? மும்பை 'பங்கர்' காட்டும் வழி

வீக் எண்டில் ஈசிஆர் டிரைவ் கிளம்பும் பலருக்கும் மாமல்லபுரம்தான் கடைசி ஸ்டாப். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே போனால், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். வெளிநாட்டவர் வாயில் இது 'சட்ராஸ்'. கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறை வசம் இருக்கிறது. தானியக் கிடங்கு, டச்சு எழுத்து செதுக்கிய கல்லறைகள் எல்லாம் உண்டு. கூடவே, உள்ளிருந்து ரகசியச் சுரங்கம் கடல் வரை போகுது என்று ஒரு பேச்சும் உண்டு.

போர் பார்த்த இடம்தான் இது. 1781-ல் பிரிட்டிஷ் படை கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி, இந்தக் கடலில்தான் பிரெஞ்சு தளபதி சஃப்ரனும் பிரிட்டனின் எட்வர்ட் ஹியூஸும் கப்பல்களோடு மோதினார்கள். சுரங்கத்தோடு இப்படியொரு கதையும் கையில் இருந்தால், அதை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்க முடியாதா?

மும்பையில் எப்படிச் செய்தார்கள்?

மலபார் ஹில் ராஜ்பவனில் 2016-ல் நடந்தது கிட்டத்தட்ட சினிமா. மாளிகைக்குக் கீழே சுரங்கம் இருப்பதாகக் காதில் விழுந்ததை அன்றைய ஆளுநர் வித்யாசாகர் ராவ் சும்மா விடவில்லை. (அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு ஆளுநராக வந்தாரே, அவரேதான்.) ஆகஸ்ட்டில் பொதுப்பணித் துறை ஒரு சுவரை உடைத்தது. உள்ளே 13 அறைகள். 'ஷெல் ஸ்டோர்', 'கார்ட்ரிட்ஜ் ஸ்டோர்', 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர்கள். பிரிட்டிஷ் காலத்துப் பீரங்கித் தளவாடக் கிடங்கு!

உடனே டிக்கெட் கிழிக்க முடியாது. மேலே ஆளுநர் மாளிகை, பக்கத்திலேயே கடல். மூன்று ஆண்டுகள் ஆயின. 2019 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் மியூசியமாகத் திறந்துவைத்தார். பார்க்க ஆன்லைனில் புக் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் நிஜமான கேள்வி: காலி அறைகளில் எதைக் காட்டுவது? 2022 ஜூனில் பிரதமர் மோடி அங்கே சுதந்திரப் போராட்டப் புரட்சியாளர்களுக்கான காட்சிக்கூடத்தைத் திறந்தார். நல்ல விஷயம்தான். ஆனா, பங்கரின் சொந்தக் கதை கொஞ்சம் பின்சீட்டுக்குப் போய்விட்டது.

லண்டனில், 1940-களில் குண்டுவீச்சுக்குப் பயந்து தோண்டிய கிங்ஸ்வே சுரங்கங்களுக்கும் 2024-ல் அனுமதி கிடைத்தது. அங்கே போர் நினைவிடம், உளவு மியூசியத்தோடு ஒரு பாரும் பிளானில் இருக்கிறது.

சட்ராஸில் முதல் வேலை என்ன?

பேச்சு உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்கு உடனே மண்வெட்டி தேவையில்லை. நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் சர்வே போதும். பாதை இருந்தால், கூரை தாங்குமா, கடல் நீர் கசியுமா என்ற சோதனை அடுத்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை இருப்பதால், பார்வையாளர் மையம், கேன்டீன் என எது வந்தாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் இடம் தேட வேண்டும்.