கணினியில் லைன் நின்றுபோனால்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பாடம் இணையத்தின் வழியாக வீட்டுக்கே வந்தது. அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை மெட்ரிகுலேஷனுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் விண்ணப்பிப்பது இன்றும் இணையத்தின் வழியாகத்தான். கடைசி நாள் மாலையில் லைன் நின்றுபோனால், அந்தப் பிள்ளையின் ஓராண்டே வீணாகக்கூடும். ஆகவே, மேசைக் கணினியில் இணையத் தொடர்பு திடீரென அறுந்தால் என்ன செய்வது என்பதை இன்று காண்போம்.

லயத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அடுத்த வீட்டில் வருகிறதா என்று கேட்கிறோம். அங்கே வந்தால் கோளாறு நம் வீட்டில். வராவிட்டால் தொட்டியிலோ பெரிய குழாயிலோ கோளாறு. இணையமும் அப்படியே. வெளியிலிருந்து நிறுவனத்தின் கம்பி வீட்டுக்குள் வருகிறது. ரௌட்டர் என்னும் பெட்டி அந்தத் தொடர்பை வாங்கிப் பகிர்ந்து கொடுக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கணினிக்குச் செல்கிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் லைனில் குறையில்லை. கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான்.

எதுவுமே திறக்காவிட்டால் கைப்பேசியை எடுங்கள். அதிலுள்ள மொபைல் டேட்டாவை அடைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் சோதியுங்கள். டேட்டாவை அடைக்காமல் பார்த்தால் கைப்பேசி அதன் வழியாக வேலை செய்து நம்மை ஏமாற்றிவிடும்.

கைப்பேசிக்குக் கிடைத்து, கணினிக்கு மட்டும் கிடைக்காவிட்டால் கேபிளைக் கவனியுங்கள். இரு முனைகளையும் கழற்றி, 'டக்' என்று சத்தம் கேட்கும்படி மீண்டும் செருகுங்கள். முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் நழுவும். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன; எலி கடித்தாலும் நாற்காலிக் கால் ஏறினாலும் அவை அறுந்துவிடும். செருகும் இடத்தருகே சிறு விளக்கு எரியாவிட்டால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் தொடர்பு இல்லையென்றால், பெட்டி தரவேண்டிய முகவரி எண் கணினிக்குக் கிடைக்காமல் இருக்கலாம். கணினியில் அந்த எண் 169.254 என்று தொடங்கினால் இதுதான் காரணம். இரண்டையும் அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முதலில் பெட்டியையும் பிறகு கணினியையும் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டில் எதற்குமே லைன் இல்லையா? அப்போதும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கண்ணாடி இழைக் கம்பி வரும் வீடுகளில், சுவரோரச் சிறு பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். அந்தக் கம்பியை மடிக்காதீர்கள்; அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். நிறுவனத்தை அழைத்து, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தவேண்டாம். பதிந்து வைத்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, சிறு கோளாறு பெருங்கோளாறாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னல் மிக அதிகம். இடி முழங்கும் முன்பே கணினி, பெட்டி இரண்டின் மின்செருகிகளையும், இணைக்கும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்குப் பிறகு கணினி நன்றாக ஓடியும் கேபிள் விளக்கு மட்டும் எரியாவிட்டால், அந்தச் செருகுவாய் மட்டும் கருகியிருக்கலாம். யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு இணைப்புக் கருவி ஒன்று வாங்கினால் போதும். புதுக் கணினி தேவையில்லை.

ஆகவே கணினியைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ பேருந்து ஏறும் முன், இந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது. கடைசி நாள் வரை காத்திராமல் விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. பதறாத காரியம் சிதறாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.